நூற்று எழுபத்தேழாம் பக்கம் வரை

நூற்று எழுபத்தேழாம் பக்கம் வரைக்கும்தான், ஆன்ட்டி. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வரும்போது விக்டோரியா ஆன்ட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஸ்டெல்லா அந்த நாவல எதுவரைக்கும் படிச்சிருந்தா, கார்த்தி? உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ராத்திரி ஜெயசீலன் சார் போன் பண்ணி, நாளைய கூட்டத்தை நிறுத்த வேண்டாம், ஸ்டெல்லாவுக்காகவே உட்காருவோம், நீ நம் வாசிப்பு வட்டத்து நோட்டில் அவரைப் பற்றி எழுதிக்கொண்டு வா என்றார். நான் எதற்கு சார் என்றேன். "நீதான்ப்பா அவகூட அதிகமா சண்டை போட்டவன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். இரும்புலியூர் சிக்னலில் நின்றிருந்தேன். என் பைக்கின் பின் சீட்டில் வண்டலூர் போகவேண்டிய ஒருவர். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனில், மேப்புக்கு மேலே, வட்டத்தின் குரூப் மெசேஜ் வந்து விழுந்தது. 'நம் அன்புச் சகோதரி ஸ்டெல்லா இன்று மதியம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' சிக்னல் பச்சையானது எனக்குத் தெரியவில்லை. "இன்னாப்பா, போவியா மாட்டியா?" என்று பின்னால் இருந்தவர் தோளில் தட்டினார். அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். எந்த வழியாகப் போனேன் என்று கேட்டால் சொல்ல முடியாது. இறங்கும்போது அவர், "மெதுவா வூட்டுக்குப் போ தம்பி. மூஞ்சே சரியில்ல" என்றார்.

நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன் இல்லை என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். படப்பைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷத்தோடு நின்றவன். பைக் டாக்ஸி ஓட்டுகிறேன். ஸ்டெல்லா அக்கா என் வண்டியில் ஏறியதால்தான் எனக்கு இந்த வட்டமே தெரியும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் சேலையூரில் அவர் அண்ணன் வீட்டு வாசலில் ஏறுவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவார். நாற்பது வயது இருக்கும். எந்த வெயிலிலும் முழுக்கை சுடிதார். தோள்பையில் ஒரு புத்தகம். புத்தகத்தில், துணி காயப்போடுகிற நீல நிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று அடையாளத்துக்கு.

"அங்க இன்னா வேலைக்கா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உக்காந்துகினு இருக்கற வேலை."

"செம வேலைக்கா. எனக்கும் ஒண்ணு பாத்து சொல்லேன்."

"உனக்கு வேணாம்டா அது" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு மணி நேரம் கழித்து வந்து கூட்டிக்கொண்டு போகும்போது முகம் வெளுத்திருக்கும். ஏசியில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது கேம்ப் ரோடு நெரிசலில். வண்டி நகரவே இல்லை. பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா புக்குக்கா?"

"லவ் ஸ்டோரி."

"மேல சிலுவ போட்டுகீது?"

"சிலுவ போட்ட லவ் ஸ்டோரி."

"கடைசில சேருவாங்களா, சாவாங்களா?"

"கடைசிப் பக்கத்த மொதல்ல கேக்கற ஆளா நீ? உங்கூட சினிமாவுக்கே வரக்கூடாது." பக்கத்தைப் புரட்டினார். வண்டி நாலடி நகர்ந்தது. "எங்க வட்டத்துல ஒரு ஆள் கொறையுது. வரியா? படிச்சுட்டு, உம்மனசுல பட்டத எழுதணும். அவ்ளோதான்."

எனக்கு அப்போது எதிலும் மனசு நிற்காத காலம். இப்போதும் அப்படித்தான். சரி என்றேன்.

இந்த நோட்டைப் பிறகு யாராவது புதிதாகப் புரட்டினால் புரியவேண்டும் என்பதற்காக நம் முறையை எழுதிவைக்கிறேன். வட்டத்துக்கு ஒரு புத்தகம், ஒரே பிரதி. ஆளுக்குப் பத்து நாள். படித்து முடித்தவர் கருத்தை ஒரு தாளில் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து ஜெயசீலன் சாரிடம் கொடுக்கவேண்டும். அடுத்தவர் கருத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்பதற்காகத்தான் பின். மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் ஆராதனை முடிந்ததும், சர்ச் பக்கத்து அறையில் கூடுவோம். புத்தகம் எல்லாரையும் சுற்றி வந்து முடிந்த மாதத்தில் தாள்களை எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்போம். படித்து முடிக்காதவருடைய தாளைப் பிரிக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொண்டுவந்தது ஸ்டெல்லா அக்கா.

பழைய தாள்களில் அவருடையதைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். முதல் வரி எப்போதும் ஒரே ஒரு சொல். 'பிடித்தது' அல்லது 'பிடிக்கவில்லை.' என்னிடம் சொல்வார், "புடிச்சுதா இல்லயான்னு மொதல் வரில சொல்லிடு. சாக்கெல்லாம் அப்புறம் சொல்லு." நீங்கள் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு மிஷனரி கதைக்கு அவர் எழுதியது இது: 'பிடிக்கவில்லை. கதாநாயகன் பக்கம் பக்கமாக ஜெபம் பண்ணுகிறான். அந்த நேரத்தில் அவன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருப்பாள். அவளுடைய ஜெபத்தை யார் எழுதுவது?' அதைப் படித்துவிட்டுத்தான் இந்த அக்கா சாதாரண ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

'கோட்டைக்கு வெளியே எஸ்தர்' என்பது இந்த முறை சுற்றிவந்த நாவல். கடற்கரையில் வெள்ளைக்காரன் கோட்டை. பக்கத்தில் மிஷன் அச்சுக்கூடம். அநாதைப் பெண் எஸ்தர் அங்கே அச்சடித்த தாள்களை மடிக்கிறாள். எழுத்துக் கோக்கிற ஞானமுத்துவுக்கும் அவளுக்கும் காதல். அவன் கப்பல் ஏறிப் போகிறான், காத்திரு என்று சொல்லிவிட்டு. மூன்று வருஷம் செய்தி இல்லை. கப்பல் மூழ்கியது என்கிறார்கள். பாதிரியார் ஒரு நல்ல உபதேசியாரை அவளுக்குப் பேசி முடிக்கிறார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி யாரோ கதவைத் தட்டுகிறார்கள். 'யார்?' என்கிறாள் எஸ்தர். அது நூற்று எழுபத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி.

போகிற வழியில் அக்கா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு வேண்டியது அதுதான், படிக்கிற வேலை மிச்சம். "முத்தம் ஒண்ணுகூட இல்லடா. பக்கத்துக்குப் பக்கம் வசனம். ஆனா கப்பல் ஏறறதுக்கு முன்னாடி அவன் ஒரு ஈய எழுத்த எடுத்து அவ கையில வச்சு மூடறான் பாரு. அந்த எடத்துல புக்க மூடிட்டேன். அன்னிக்கி அதுக்கு மேல முடியல."

"இன்னாக்கா, ஃபீலிங்கா?"

"என்னையும் ஒருத்தன் காத்திருன்னு சொல்லிட்டுப் போனான். துபாய்க்கு."

"வந்தானா?"

"வந்தான். பொண்டாட்டி புள்ளயோட."

"நீ இன்னா பண்ண?"

"அன்னிக்கிக் கடையில ஸ்டாக் எடுத்தாங்க. நின்னு எண்ணிக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துட்டேன்." அப்போது அவர் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாராம். வெகுநேரம் கழித்து, தாம்பரம் பாலம் இறங்கும்போது, "கதவத் தட்டனது யாருன்னு எஸ்தருக்காவது தெரியட்டும்டா" என்றார்.

பிரேக்கைப் பிடித்தேன். லாரி ஒன்று குறுக்கே வந்தது.

என் முறை கடைசியாக வந்தது. அக்காவே கொடுத்தார், கிளிப்போடு. பத்து நாள் அது என் வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. பத்தாம் நாள் டீக்கடை வாசலில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன். எஸ்தர் வெள்ளைப் புடவையில் பள்ளிக்கூடம் நடத்துகிறாள், கடலைப் பார்க்கிறாள். எழுதினேன்: 'பிடித்தது. எஸ்தர் எடுத்த முடிவு என்னை உலுக்கிவிட்டது.' எந்தக் கதைக்கும் பொருந்துகிற வரி. காலேஜில் பரீட்சை எழுதியதும் இப்படித்தான். அங்கே மாட்டினேன். இங்கேயும் மாட்டினேன்.

போன மாதக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், நான் இதில் எப்படி நடந்துகொண்டேன் என்பது நோட்டில் இருக்கவேண்டும்.

முதலில் விக்டோரியா ஆன்ட்டியின் தாள். உபதேசியாருக்குக் கொடுத்த வாக்கை எஸ்தர் காப்பாற்றினாள், அதுதான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு என்று இரண்டு பக்கம். அடுத்தது ஜெயசீலன் சார். பந்தல் போட்ட வீட்டிலிருந்து எழுத்துக் கோக்கிறவனோடு ஓடிப்போனதை மன்னிக்கவே முடியாது, சபைக்குத் தவறான முன்மாதிரி என்று அவர்.

"யாரு ஓடிப்போனா?" என்றார் ஆன்ட்டி. "உபதேசியாரத்தான கட்டிக்கிட்டா."

"இல்லம்மா, ஞானமுத்து. தெளிவா இருக்கே."

"எங்க இருக்கு? நீங்க தூக்கக் கலக்கத்துல படிச்சிருப்பீங்க."

"நாப்பது வருஷம் பார்சல் ஆபீஸ்ல லேபிள் படிச்சவன்மா நான். ஒரு எழுத்து விடமாட்டேன்."

அறையில் பாதிப் பேர் ஆன்ட்டி பக்கம், பாதிப் பேர் சார் பக்கம். காபி ஆறிப்போனது. ஸ்டெல்லா அக்கா மட்டும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சண்டை முற்றியபோது சார் என் தாளைப் பிரித்துப் படித்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எந்த முடிவுடா?"

"எஸ்தரோட முடிவு."

"அதான், எந்த முடிவு? யாரக் கட்டிக்கிட்டா?"

"அது... அவங்கவங்க படிக்கறதப் பொறுத்துக்கா" என்றேன். அறையே சிரித்தது. ஆன்ட்டிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் அக்கா. "நீங்களுந்தான் படிக்கல." புத்தகத்தை எடுத்து, கிளிப் இருந்த இடத்தில் விரித்து, மேசையில் வைத்தார். நூற்று எழுபத்தாறு முடிந்ததும் மறுபடி நூற்று அறுபத்தொன்றிலிருந்து நூற்று எழுபத்தாறு வரை. அதற்குப் பிறகு நேராக நூற்றுத் தொண்ணூற்று மூன்று, பல வருஷம் கழித்து, எஸ்தர் விதவை. பைண்டிங்கில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்து, அடுத்த பதினாறு பக்கம் வராமலே போயிருக்கிறது. அதற்குப் பிறகு கதையில் செத்துப்போன கணவரின் பெயரை எஸ்தர் ஒரு இடத்திலும் சொல்வதில்லையாம், அந்தக் காலத்துப் பெண். வந்த பக்கமே திரும்ப வருகிறது என்று எல்லோரும் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நடுவில் நடந்ததை ஆளாளுக்கு மனசுக்குள் எழுதிக்கொண்டீர்கள். ஒருவர்கூடப் பக்க எண்ணைப் பார்க்கவில்லை.

"நான் பாத்தேன். யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன். எனக்கு மீதி வேணும். கதவத் தட்டனது யாருன்னு தெரியாம அவளோட வெள்ளப் பொடவைய நான் பாக்கமாட்டேன். அது வரைக்கும் எங்கருத்து கெடையாது."

அப்புறம் என்னைக் காட்டி, "இவன் பரவால்ல. ஒண்ணுமே படிக்கலன்னு மூஞ்சிலயே எழுதிகீது" என்றார். மறுபடி சிரிப்பு.

அவர் சொன்னது கேலிகூட இல்லை. பாசம். எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது காது எரிந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார், மூச்சு வாங்க. "டேய் கார்த்தி, கோவமா? கிளிப்ப நான் மாட்டன எடத்துலயே திருப்பிக் குடுத்தியேடா. அப்பவே தெரியும். பக்கத்தத் தள்ளிவுட்டா ஆளையும் தள்ளிவுடற பழக்கம் வந்துடும்டா, அதான் சொன்னேன்."

"உங்க வட்டமும் வேணாம், கதையும் வேணாம். ஆள வுடு" என்று வண்டியைக் கிளப்பினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் போன் வந்தது. எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் வந்தது. எடுக்கவில்லை. அதற்கப்புறம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் யார் வண்டியில் போனார், எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. நேற்றுதான் அவர் அண்ணன் சொன்னார், ஷேர் ஆட்டோவில் போனாராம். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். இரண்டு வருஷமாக. முழுக்கை சுடிதார் அதற்குத்தான். இடது கையில் ஊசி குத்தி அசையாமல் வைத்துக்கொண்டால் புத்தகத்தை ஒரு கையால் விரித்துப் பிடிக்க முடியாது, பக்கம் புரளும். கிளிப்பும் அதற்குத்தான். உட்கார்ந்துகொண்டு இருக்கிற வேலை.

வீம்பில்தான் அந்தப் பதினாறு பக்கத்தைத் தேட ஆரம்பித்தேன். அவருக்காகத் தேடினேன் என்று எழுதினால் பொய். எல்லோர் முன்னாலும் மேசையில் போட்டு, இப்போ யாருக்கா படிக்காதவன் என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். பதிப்பகத்துக்குப் போன் பண்ணினேன், பிரதி இல்லை என்றார்கள். புத்தகம் விற்கிற வெப்சைட்டில் அந்த நாவலுக்கு வந்திருந்த வாசகர் கருத்து ஒன்று விடாமல் படித்தேன். வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்தது அதைத்தான். 'அட்டை மடங்கி வந்தது, ஒரு ஸ்டார்.' 'அம்மாவுக்கு வாங்கினேன், அம்மா இன்னும் படிக்கவில்லை, ஐந்து ஸ்டார்.' 'சரித்திரம் குறைவு, கண்ணீர் அதிகம்.' எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: '181-ஆம் பக்கத்தில் ஆபீஸ் பஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.'

நூற்று எண்பத்தொன்று. அவரிடம் முழுப் பிரதி இருக்கிறது.

ஊர் நாவலூர் என்று போட்டிருந்தது. அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்பி, பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. போன புதன்கிழமை மதியம் அவர் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் டேக் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். புத்தகத்தைக் கையில் தரவில்லை. வண்டி சீட்டில் வைத்து அவரே விரித்துப் பிடித்துக்கொண்டார், நான் போட்டோ எடுத்தேன். "யாருக்குங்க இது?" என்றார். ஒரு அக்காவுக்கு, நடுவில் நின்றுவிட்டார் என்றேன். "ஐயோ, அந்த எடத்துலயா? பாவம்ங்க அவங்க. சீக்கிரம் அனுப்பிடுங்க" என்றார்.

சீக்கிரம் அனுப்பிடுங்க. முன்பின் தெரியாத அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பக்கத்தை அனுப்பினேன். நூற்று எழுபத்தேழு. கூடவே, 'மீதி பதினைந்து பக்கம் ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னாடியும்' என்று எழுதினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் படித்திருந்தேன். அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. எஸ்தர் விளக்கை எடுக்கிறாள். தூங்குகிற சிறுமிகளைத் தாண்டி நடக்கிறாள். ஈய எழுத்து முந்தானை முடிச்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பக்கம் முடிந்துவிடும்.

உடனே பதில் வந்தது. 'படுபாவி. எங்கடா புடிச்ச?' அப்புறம், 'சரி. ஞாயித்துக்கெழம வரேன்.'

அதை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருக்கிறார். புதன்கிழமை காலையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதினைந்து பக்கத்தையும் அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்படி வாங்கிக்கொள்ள அவருக்கு இஷ்டம் இல்லை என்று நினைக்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமையை அவர் கெடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்னொரு மெசேஜ். 'தாழ்ப்பாள்ல கை வச்சிகினே நிக்கறாடா ரெண்டு நாளா. இன்னும் ஒரே ஒரு பக்கம் அனுப்பேன்.'

பார்த்தேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு, பெருங்களத்தூருக்கு ஒரு சவாரி எடுத்துக்கொண்டு போனேன்.

இதை நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம். விரலால் ஒரு தட்டு. ஒரு மனுஷி என்னிடம் கேட்ட கடைசி விஷயம் அது. நான் பொம்மை அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் வண்டலூரில் அந்த ஆளை இறக்கிவிட்டு, ரோட்டோரம் நின்று, பதினைந்து பக்கத்தையும் அவர் நம்பருக்கு அனுப்பினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை காலையில் பார்த்தால் எல்லா டிக்கும் நீலமாகியிருந்தது. உடனே அதே நம்பரிலிருந்து போன். அவருடைய அண்ணன்.

"யாருப்பா நீ? புக்கு போட்டோவா அனுப்பிகினு கீற, என் தங்கச்சி செத்துக் கெடக்குது."

"கார்த்தி சார். வண்டி ஓட்டற பையன்."

அப்புறம் குரல் மாறிவிட்டது. "நீதானாப்பா அது. கார்த்தி அனுப்பிட்டானா பாரு, அனுப்பிட்டானா பாருன்னு போன குடுன்னு கேட்டுகினே இருந்துச்சு."

நேற்று அடக்கத்துக்கு முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே நாவல். நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் நீலக் கிளிப். கூட, நாலாக மடித்த ஒரு தாள். ஆஸ்பத்திரியில் பின் கிடைக்கவில்லை போல, கையில் ஊசிக்கு மேலே ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார். மேலே அவர் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக: 'ஸ்டெல்லா. கருத்து. 177 வரை. முடிக்கவில்லை.'

அதனால்தான் எனக்குத் தெரியும், ஆன்ட்டி.

தாள் மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் முதல் வரியில் இருப்பது 'பிடித்தது'-வா, 'பிடிக்கவில்லை'-யா என்று தெரிந்துவிடும். நேற்று ராத்திரி முழுக்க அது என் சட்டைப் பையில் இருந்தது. பிடித்துப் பார்க்கவில்லை. மீதிப் பதினைந்து பக்கத்தையும் நான் இன்னும் படிக்கவில்லை. போட்டோ என் போனில்தான் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவன்தான் நான். கதவைத் தட்டியது யார் என்று எனக்கும் தெரியாது.

இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கப்போகிறேன். சார் விதிப்படி நடக்கிறவர், முடிக்காதவர் தாளைப் பிரிக்கமாட்டார். விதி போட்டதே ஸ்டெல்லா அக்காதான் என்பதால் நானும் பிரிக்க விடமாட்டேன். பதினைந்து பக்கத்தையும் செல்போனில் இல்லாமல் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் அவர் உட்காருகிற நாற்காலியை யாரும் நகர்த்த வேண்டாம். அதற்கு எதிரில் உட்கார்ந்து, நூற்று எழுபத்தெட்டிலிருந்து நூற்றுத் தொண்ணூற்று இரண்டு வரை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பேன். எனக்குச் சத்தமாகப் படிக்க வராது. தடுமாறுவேன். அப்புறம் மீதி நாவலை ஆளுக்குக் கொஞ்சமாகப் படிப்போம், வெள்ளைப் புடவை வரைக்கும். சாயங்காலம் ஆனாலும் ஆகட்டும். முடிந்த பிறகு ஆன்ட்டி அந்தப் பிளாஸ்திரியைப் பிரிக்கட்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. கிளிப்பை அவர் அண்ணன் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்று அந்த வெள்ளிக்கிழமை மெசேஜ். அழிக்கமாட்டேன். யாராவது என்னிடம் ஒரு பக்கம் கேட்டால், ஒரு போன் பண்ணினால், அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

இதை சர்ச் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் எழுத இருக்கிறது, அந்த மழை நாள், ஒரு ரெயின்கோட்டுக்குள் இரண்டு பேரும் புத்தகத்தை நனையாமல் கொண்டுபோனது. உள்ளே கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது. கதவு திறக்கிறது. விக்டோரியா ஆன்ட்டி என்னைத் தேடுகிறார். நான் போகணும்.